மிச்சக் குரல்

போர்ட் ஹெண்ட்ரி, விஸ்கான்சின்
9 நவம்பர் 1983

நெல்டாவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கு இன்னும் நாள் இருக்கும்போதே என் கையெழுத்தில் உறை வந்திருக்கிறதே என்று பயந்திருப்பாய். நான் சாகவில்லை. ஆகஸ்டில் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டியோடு சேர்த்துக் குரல்வளையையும் எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு விடுகிறேன், அதன் மேல் ஒரு துணி கட்டிக்கொள்கிறேன். பேச்சு கிடையாது. சிறு பிள்ளைகள் வைத்திருக்கும் பலகை ஒன்று வாங்கினேன், எழுதிவிட்டு மேல் தாளைத் தூக்கினால் அழிந்துவிடும். போன் செய்யாமல் எழுதுவதற்கு அதுதான் காரணம்.

"முப்பது வருஷமா இவன் வாயை மூட வைக்கப் பாத்தோம், கடைசில டாக்டர் வந்து முடிச்சு வெச்சாரு" என்றான் கஸ், ஆஸ்பத்திரிப் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. சொல்லிவிட்டு வெளியே போய் அழுதான் என்று நர்ஸ் சொன்னாள்.

விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரியில் ஏரிக் கப்பல் கேப்டன்களின் விருந்து. வழக்கம்போல, வாத்தியம் இல்லாமல் நான்கு குரலில் பாடும் நம் பார்பர்ஷாப் குழுதான் பாட வேண்டும். அந்த வருஷம் இறந்த கேப்டனுக்காக மணி அடித்ததும் 'துறைமுக விளக்கு' பாடுவோம், உனக்கு நினைவிருக்கும். லாயிட், கஸ், மைலோ, நான் என்று நால்வர் முன்னால் நிற்போம், மற்றவர்கள் பின்னால் நின்று கடைசி வரியில் சேர்வார்கள். இந்த வருஷம் என் இடத்துக்குத் தபால்காரன் ரஸ்ஸலைப் பழக்குகிறோம். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். லீட் பாடுகிறவனுக்கு மெட்டு இருக்கிறது, டெனர் அதற்கு மேலே போகிறான், பேஸ் அடியில் கிடக்கிறான். மூன்று பேரும் எடுத்தது போக மிச்சம்தான் பாரிடோனுக்கு, அதாவது எனக்கு. அந்த மிச்சத்தை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. தேவாலய பியானோவில் தட்டிப் பார்த்தேன், தொண்டைக்குத் தெரிந்தது விரலுக்குத் தெரியவில்லை. பழைய டேப்பில் என் குரல் மற்றவர்களுக்குள் புதைந்து கிடக்கிறது. பள்ளிக்கூடப் பாட்டு வாத்தியார் ஒரு மாதிரி எழுதிக் கொடுத்தார், ரஸ்ஸல் அதைப் பாடினால் நான்கு குரலும் ஒரே ஒலியாகப் பூட்டிக்கொள்ள மாட்டேன் என்கிறது.

அது தெரிந்த இன்னொரு ஆள் உலகத்தில் நீதான். உன் அம்மா மீன் டப்பா ஆலையில் ராத்திரி வேலைக்குப் போனபோது உன்னைத் தூங்க வைத்தது அந்தப் பாட்டுதான், நான் பாடியது என் பங்கை மட்டும்தான். அதை ஒரு கேசட்டில் பாடி அனுப்பினால் ரஸ்ஸல் கேட்டுப் பழகிக்கொள்வான். இத்துடன் ஒரு புதுக் கேசட் வைத்திருக்கிறேன்.

அப்பா


ஒமாஹா
17 நவம்பர் 1983

அப்பா,

ஆகஸ்டில் குரல்வளையை எடுத்திருக்கிறார்கள். நவம்பரில் சொல்கிறீர்கள், அதுவும் ஒரு கேசட் தேவைப்பட்டதால். ஆஸ்பத்திரியில் கஸ் இருந்தார், லாயிட் இருந்திருப்பார், தபால்காரர்கூட வந்து பார்த்திருப்பார். எனக்கு ஒரு தபால் அட்டை போட யாருக்கும் தோன்றவில்லை.

வலி இருக்கிறதா? சாப்பிட முடிகிறதா? அதை எழுதுங்கள்.

கேசட் அனுப்ப மாட்டேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியாதது போல எழுதியிருக்கிறீர்கள், ஆகவே சொல்கிறேன். எனக்குப் பதினைந்து வயது. செவ்வாய்க்கிழமை. பனி கொட்டிக்கொண்டிருந்தது, நீங்கள் மேல்பூட்ஸை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டீர்கள். அதை எடுத்துக்கொண்டு தேவாலயத்தின் அடித்தளத்துக்கு வந்தேன். அன்று பாரிடோன் வரிசையில் ஒருவருக்குக் காய்ச்சல், உங்கள் பக்கத்தில் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. யாரையும் கேட்காமல் அதில் போய் நின்று 'துறைமுக விளக்கு' பாடினேன். நான்கு குரலும் பூட்டிக்கொண்டன. யாரும் பாடாத ஐந்தாவது குரல் ஒன்று தலைக்கு மேலே ஒலிக்கும் என்று நீங்கள் சொல்வீர்களே, அதை அன்றுதான் முதல்முறை கேட்டேன். எல்லோருக்கும் கேட்டது.

அப்புறம் லாயிட் சொன்னார், "பாப்பா, நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இது ஆம்பளைங்க சமாச்சாரம். பூட்ஸை வெச்சிட்டு வீட்டுக்குப் போ." எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. கையிலிருந்த சுருதிக் குழலைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். அது சுத்தமாகத்தான் இருந்தது.

இப்போது என் குரல் வேண்டும், நான் வேண்டாம். அதுதானே கேட்கிறீர்கள்? என் பள்ளிப் பட்டமளிப்பு விழா செவ்வாய்க்கிழமை வந்தது, நீங்கள் வரவில்லை. என் கல்யாணத்துக்கு முந்தைய நாள் செவ்வாய்க்கிழமை, அதனால் கல்யாணத்தன்று காலையில்தான் வந்து இறங்கினீர்கள். அந்தக் கல்யாணம் நிற்கவில்லை, அது வேறு கதை. பதினைந்து வருஷமாக ஒமாஹாவில் இருக்கிறேன், நான் வேலை செய்யும் இடத்தை ஒரு தடவைகூட நீங்கள் பார்த்ததில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைகள் எல்லாம் யாருக்குப் போயினவோ அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேசட்டைத் திருப்பி அனுப்புகிறேன்.

நெல்டா


போர்ட் ஹெண்ட்ரி
28 நவம்பர் 1983

நெல்டா,

வலி இல்லை. கஞ்சியும் சூப்பும் இறங்குகிறது. வாசனைதான் தெரியவில்லை, மூக்கு வழியாக மூச்சுப் போவதில்லை அல்லவா. நன்றி தெரிவிக்கும் நாளுக்கு கஸ் வீட்டில் வான்கோழியை அரைத்துக் கொடுத்தார்கள், மரத்தூள் தின்றதுபோல இருந்தது.

உன் கடிதம் எனக்குக் கோபத்தைத்தான் மூட்டியது. இன்னும் முழுவதும் தணியவில்லை. அது ஆண்கள் குழு. அந்த விதியை நான் போடவில்லை. ஒரு குழுவில் நின்றால் அதன் விதியோடுதான் நிற்க வேண்டும். அன்றைக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்கிறாய்? நீயே யோசித்துப் பார்.

இன்னும் செவ்வாய்க்கிழமை தவறாமல் போகிறேன். நாற்காலி போடுகிறேன், வரிசையில் என் இடத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். சுருதிக் குழலை ஊதக்கூட முடியாது. காற்றெல்லாம் கழுத்து வழியாகப் போய்விடுகிறது. குழலை லாயிடிடம் கொடுத்துவிட்டேன்.

ஒரு செய்தியை முதல் கடிதத்தில் எழுதவில்லை. கேப்டன் வீட்டார் பெயரைச் சொல்லி உன்னை இழுக்கிறேன் என்று நினைப்பாயோ என்று விட்டுவிட்டேன். இந்த வருஷம் மணி அடிக்கப்போவது கேப்டன் பெர்ட்டில் ஆவ்னேக்காக. அக்டோபரில், கப்பலைத் துறைமுகத்துக்குள் கொண்டுவந்து கட்டிவிட்டு, கப்பலின் ஏணிப்படியில் உட்கார்ந்தார். அப்படியே போய்விட்டார். கணவரை இழந்த இங்கா என்னைப் பார்க்க வந்தாள். "ஆர்வில், பெர்ட்டிலுக்கு வேற பாட்டு வேணாம். அந்த விளக்குப் பாட்டுதான். அவரு வாய்விட்டுக் கேட்டது அது ஒண்ணுதான்" என்றாள். பலகையில் 'சரி' என்று எழுதினேன். வேறு என்ன எழுத?

இப்போதைய நிலைமையில் அந்தப் பாட்டை விட்டுவிட வேண்டியதுதான். இங்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீ கவலைப்படாதே, அது என் பாடு.

அப்பா


ஒமாஹா
12 டிசம்பர் 1983

அப்பா,

கேப்டன் போய்விட்டார் என்பதை இப்படியா சொல்வீர்கள், கடிதத்தின் கடைசியில்?

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த குளிர்காலத்தில் இங்கா அத்தை வீட்டில்தானே இருந்தேன். எனக்குப் பத்து வயது. அந்த வருஷம்தான் பள்ளியில் எல்லோரும் ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்றார்கள். எனக்குத் தெரிந்தது 'துறைமுக விளக்கு'தான், எழுந்து பாடினேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. சொற்கள் சரி, மெட்டு மட்டும் வேறு. அதுவரை நீங்கள் பாடியதுதான் அந்தப் பாட்டின் மெட்டு என்று நினைத்திருந்தேன். உங்கள் பங்கில் மெட்டே கிடையாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இனிமேல் வாயை மட்டும் அசைத்தால் போதும் என்றார் டீச்சர்.

இங்கா அத்தையின் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஏரி உறைந்துவிட்டதால் கப்பலைக் கட்டிப்போட்டுவிட்டு கேப்டன் அன்றுதான் வீட்டுக்கு வந்திருந்தார். "எங்கே, எனக்குப் பாடிக் காட்டு" என்றார். பாடினேன். கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார். "இது தப்பு இல்லம்மா. இது பாட்டுல கால்வாசி. மீதி மூணு பேர்கிட்ட இருக்கு. அவங்க வந்து சேர்ற வரைக்கும் நீ இதைப் பத்திரமா வெச்சிரு" என்றார். என்னிடம் அப்படிச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

நேற்று ஒரு கேசட் வாங்கிப் பாடிப் பார்த்தேன். ஆமாம், நானே வாங்கினேன். முதல் வரி நின்றது. இரண்டாவதில் சுருதி நழுவிவிட்டது. மூன்று தடவை பாடினேன், மூன்றும் வேறு வேறு இடத்தில் போய் முடிந்தன. பக்கத்தில் லீட் இல்லாமல் இதற்குப் பிடிமானமே இல்லை. இதைக் கேட்டு உங்கள் தபால்காரரால் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

ஆகவே நானே வருகிறேன். நால்வரில் உங்கள் இடத்தில் நின்று பாடுகிறேன், ஒரே பாட்டு, கேப்டனுக்காக. கறுப்பு உடுப்பு போட்டுக்கொள்கிறேன். என் குரல் எவ்வளவு தாழ்ந்தது என்பது உங்களுக்குத் தெரியும், போனில் என்னை 'ஐயா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் லாயிடுக்கு வித்தியாசம் தெரியாது.

அவர்களிடம் கேளுங்கள். நீங்கள் கேளுங்கள்.

நெல்டா


போர்ட் ஹெண்ட்ரி
18 ஜனவரி 1984

அன்புள்ள நெல்டா,

பதில் தாமதமாகிவிட்டது. நல்ல செய்தியாக எழுதலாம் என்று காத்திருந்தேன், அது வரவில்லை.

நேற்றுப் பயிற்சி முடிந்ததும் பேச்சை எடுத்தேன், அதாவது பலகையை எடுத்தேன். 'பாரிடோன் பாட நெல்டா வருகிறாள்' என்று எழுதிக் காட்டினேன். லாயிட் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினான்.

"ஆர்வில், இது ஆம்பளைங்க குழு. உனக்கே தெரியும்."

"அந்தப் பாட்டு எனக்கு வரல லாயிட், உண்மையச் சொல்லிடறேன். நான் பாடினா சவப்பெட்டில ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு" என்றான் ரஸ்ஸல்.

"வராட்டி வேற பாட்டு பாடுவோம். கேப்டன்களுக்கு முன்னாடி, கறுப்பு டை கட்டிக்கிட்டு, நாலு பேர்ல ஒரு பொம்பளையா? நாளைக்கு மாவட்டம் பூரா நம்மளப் பத்தித்தான் பேச்சு."

"பேசட்டுமே. நம்மளப் பத்தி யாரு பேசறாங்க இப்போ?" என்றான் கஸ்.

சில பேர் சிரித்தார்கள். பழைய சிரிப்பு. எனக்கு அது அடையாளம் தெரிந்தது. அப்புறம் கை தூக்கச் சொன்னார்கள். கஸ் தூக்கினான், ரஸ்ஸல் தூக்கினான், இன்னும் சிலர். போதவில்லை. மைலோ தூக்கவில்லை, அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கு முன்னால் பலகையில் இன்னொன்றும் எழுதிக் காட்டியிருந்தேன். பலனில்லை.

விருந்தில் அடக்கமான ஒரு தோத்திரப் பாடலைப் பாடப்போகிறார்கள். நான் பாடுகிறவர்களோடு நிற்கப்போவதில்லை. இங்கா தன் மேசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறாள். உனக்கும் ஒன்று போட்டிருக்கிறாள், தனியாக எழுதுவாள்.

வரச் சொல்லி உன்னை வற்புறுத்த எனக்கு உரிமையில்லை. பிப்ரவரி பதினொன்று, சனிக்கிழமை.

அப்பா


ஒமாஹா
27 ஜனவரி 1984

அப்பா,

இங்கா அத்தையின் கடிதம் வந்தது. வருகிறேன். அவளுக்காகவும் கேப்டனுக்காகவும். சாப்பிட வருகிறேன், பாட அல்ல. ஞாயிறு சாயங்காலம் எனக்கு வேலை, ஆகவே விருந்து முடிந்த கையோடு ராத்திரி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

பலகையில் என்ன எழுதினீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. இங்கா அத்தை சொல்லியிருக்கிறாள், கஸ் அவளிடம் சொன்னாராம். 'என் மகள்' என்று எழுதினீர்களாம். லாயிட் "சரி, படிச்சாச்சு, கீழ இறக்கு" என்றும் நீங்கள் இறக்கவில்லையாம். எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு போகும்வரை பிடித்துக்கொண்டே நின்றீர்களாம்.

இதை ஏன் எழுதவில்லை? பலனில்லை என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள்.

நெல்டா


போர்ட் ஹெண்ட்ரி
13 பிப்ரவரி 1984

என் நெல்டா,

நீ போனபின் பஸ் நிலையத்தில் வெகு நேரம் நின்றேன். சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது. பலகை என் கோட்டுக்குள் இருந்தது, கோட்டு விருந்துக் கூடத்தில் மாட்டியிருந்தது, உன்னைப் பஸ் ஏற்றும் அவசரத்தில் கஸ்ஸின் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் மாற்றிக்கொண்டோம், ஆனால் என் கோட்டு அவனுக்கு இடுப்பில் ஏறவில்லை என்று இன்னும் கோபமாக இருக்கிறான். ஆகவே சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். நடந்தது உனக்கும் தெரியும்தான். எனக்கு அதை ஒரு தடவை எழுதிப் பார்க்க வேண்டும்.

அந்தக் கூடத்தில் இத்தனை வருஷமும் நான் மேடை ஓரத்தில் நின்றவன். மேசையில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. வெள்ளை விரிப்பு, இத்தனை கரண்டி, கேப்டன்கள் எல்லாம் நீலச் சீருடையில், அவர்கள் மனைவிமார் நீளக் கையுறையில். நம் ஏரியின் ஒயிட்ஃபிஷ் மீன் வந்தது. எனக்குச் சூப்பு மட்டும் கேட்டிருந்தாள் இங்கா. நீ என் பக்கத்தில் உட்கார்ந்து என் சூப்புக்கு உப்புப் போட்டாய். உப்பு எனக்குத் தெரியும், வாசனைதான் தெரியாது. அது சரியான உப்பு.

மணி அடித்தது. எல்லோரும் எழுந்து நின்றோம். பெர்ட்டிலின் பெயரைப் படித்தார்கள். லாயிட் குழலை ஊதினான், தோத்திரப் பாடலுக்கு உரிய சுருதி. அப்போதுதான் இங்கா பேசினாள். சத்தம் போடவில்லை. அந்த அமைதியில் அவள் மூச்சுவிட்டிருந்தாலும் கேட்டிருக்கும்.

"லாயிட், பெர்ட்டில் கேட்டது இது இல்ல."

லாயிட் முகம் சிவந்துவிட்டது. "தெரியும் இங்கா. ஆனா எங்ககிட்ட பாரிடோன் இல்ல. மூணு பேரா பாடினா ஓட்டை தெரியும்."

"தெரியட்டும். பெர்ட்டிலும்தான் இல்ல."

அதற்குமேல் அவன் என்ன செய்வான்? குழலைத் திருப்பி வேறு சுருதி ஊதினான். கஸ்ஸும் மைலோவும் முன்னால் வந்தார்கள். என் இடத்தை விட்டுத்தான் நின்றார்கள், அதை நீ கவனித்தாயா? ஓர் ஆள் அகலம். ரஸ்ஸல் பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டான். பாட ஆரம்பித்தார்கள். அந்தப் பாட்டை வெளியிலிருந்து நான் அதுவரை கேட்டதே இல்லை. எப்போதும் அதற்குள் நின்றுதான் கேட்டிருக்கிறேன். முதல் வரியிலேயே ஓட்டை கேட்டது. மெட்டு இருந்தது, மேலே இருந்தது, கீழே இருந்தது, நடுவில் ஒன்றும் இல்லை. கூடத்தில் யாருக்கும் என்ன குறை என்று சொல்லத் தெரிந்திருக்காது. ஆனாலும் எல்லோரும் ஒரு மாதிரி நெளிந்தார்கள்.

என் வாய் தானாக அசைந்தது. என்ன செய்ய, பழக்கம். சத்தம் வராது என்று தெரியும், காற்றுகூட வராது. நீ அதைப் பார்த்துவிட்டாய். என் வாயைப் பார்த்தாய், அப்புறம் மேசை விரிப்பின் மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்த என் கையைப் பார்த்தாய். என்னிடம் எதையும் கேட்கவில்லை. இரண்டாவது அடியில் நீ சேர்ந்தாய்.

நின்ற இடத்திலேயே, மேசைக்குப் பின்னால், ஒரு கையில் துடைக்கும் துணியோடு. மெதுவாகத்தான் ஆரம்பித்தாய். லாயிடின் முதுகு விறைத்தது. இப்போது நிறுத்திவிடுவான் என்று நினைத்தேன். அவன் திரும்பினான். பாட்டை நிறுத்தாமல், கேப்டன்கள் பக்கம் முதுகைக் காட்டியபடி, உன்னைப் பார்த்துத் திரும்பி நின்றான். கஸ்ஸும் மைலோவும் அவனோடு திரும்பினார்கள். மூவரும் உன்னைப் பார்த்தே பாடினார்கள். 'விளக்கை அணைக்காதே, வந்துகொண்டிருக்கிறேன்' என்ற கடைசி வரியில் பின்வரிசையும் சேர்ந்தது, உன் குரலின் மேல்தான் சேர்ந்தார்கள், எனக்குத் தெரியும்.

பூட்டிக்கொண்டது. மேலே அது ஒலித்தது. யாரும் பாடாத அந்தக் குரல். பெர்ட்டில் என்று இங்கா சொல்கிறாள், நான் அப்படியெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் மேசையில் கண்ணாடித் தம்ளர்கள் முனகின, நான் கையை வைத்துப் பார்த்தேன்.

நான் சொல்ல நினைத்தது இதுதான். முப்பது வருஷமாக பாரிடோன் பாடும் எங்களைக் கிண்டல் செய்வார்கள், மிச்சம் பொறுக்கிகள் என்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். என் பங்கு அந்தப் பாட்டுக்கு என்ன செய்கிறது என்று சனிக்கிழமைதான் கேட்டேன். அதை நீதான் கேட்க வைத்தாய். பதினைந்து வயதில் நீ அந்த அடித்தளத்துக்கு வந்து நின்றபோதும் இதே ஒலி வந்தது. அது எனக்குக் கேட்டது, நெல்டா. அன்றைக்கும் கேட்டது.

அப்பா

பி.கு. இதை முடித்துவிட்டு உறையில் போடும்போது லாயிட் வந்தான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். "ஆர்வில், அடுத்த வருஷத்துக்கு அந்தப் பங்கை யாராவது வெச்சிருக்கணும். அவகிட்ட ஒரு டேப் கேட்டுப் பாக்கறியா?" என்றான். பலகையில் எழுதினேன்: 'நீ கேள். அவள் விலாசம் தருகிறேன்.'


ஒமாஹா
24 பிப்ரவரி 1984

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை நான் வேலை செய்யும் பஸ் நிலையத்தில், மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து படித்தேன். லிங்கன் பஸ்ஸை அறிவிக்க மறந்துவிட்டேன். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. மேலாளர் ஓடிவந்து பார்த்துவிட்டு, தானே மைக்கைப் பிடித்தார்.

லாயிட் எழுதியிருந்தார். அரைப் பக்கம். கடைக் கணக்கு எழுதுகிற மாதிரிதான் எழுதுகிறார். 'அந்தப் பூட்ஸ் நாள் எனக்கும் நினைவிருக்கிறது' என்று ஒரு வரி, அதற்குமேல் அதைப் பற்றி இல்லை. அவருக்கு என்ன பதில் எழுதுவது என்று இன்னும் யோசிக்கிறேன். கொஞ்சம் காத்திருக்கட்டும். டேப் அனுப்ப மாட்டேன், ஆனால் வருஷா வருஷம் இங்கா அத்தையின் மேசையில் எனக்கு ஒரு நாற்காலி இருந்தால், என்னைப் பாடாதே என்று யாரும் தடுக்க முடியாது என்று எழுதலாம் என்றிருக்கிறேன்.

பாடிக்கொண்டிருந்தபோது எனக்குப் பயமாக இருந்தது, அது உங்களுக்குத் தெரிய வேண்டும். உங்கள் வாயைப் பார்த்துத்தான் பாடினேன். நீங்கள் எங்கே மூச்சு எடுப்பீர்களோ அங்கே நீங்கள் வாயை மூடினீர்கள், நானும் மூடினேன். மூன்றாவது வரியில் நான் தவறாகப் போகவிருந்தேன், உங்கள் விரல் விரிப்பில் ஒரு கணம் நின்றது. அதனால் தப்பித்தேன். அவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துப் பாடினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஒருவரையும் பார்க்கவில்லை.

இத்துடன் ஒரு கேசட் இருக்கிறது. சிரிக்காதீர்கள். அதில் பாட்டு இல்லை. புதன்கிழமை மாலை முழுவதும் நான் செய்த அறிவிப்புகளைப் பதிவு செய்தேன். சூ சிட்டி, கான்சாஸ் சிட்டி, டெ மாயின், எந்த வாசல், எத்தனை மணி, எல்லாம். நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீங்கள் ஒருபோதும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கடைசியில் ஒன்று எனக்காகச் சேர்த்திருக்கிறேன். மில்வாக்கி, ஷெபாய்கன், போர்ட் ஹெண்ட்ரி. அந்த வழியில் எங்களிடம் பஸ்ஸே கிடையாது, சிகாகோவில் மாற வேண்டும். ஆனாலும் அந்த ஊர்ப் பெயரை ஒரு தடவை மைக்கில் சொல்லிப் பார்க்க வேண்டும்போல இருந்தது. காத்திருந்த இரண்டு பயணிகள் எழுந்து போய் வரிசையில் நின்றுவிட்டார்கள். அவர்களை உட்கார வைக்கப் படாத பாடு பட்டேன்.

உங்கள் நெல்டா


போர்ட் ஹெண்ட்ரி
3 மார்ச் 1984

என் நெல்டா,

கேசட்டைச் சமையலறையில் போட்டு வைத்திருக்கிறேன். காலையில் காபி போடும்போது கேட்கிறேன், சாயங்காலம் சூப்பு சுட வைக்கும்போது கேட்கிறேன். இப்போது லிங்கன் பஸ் எத்தனை மணிக்கு என்று என்னைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன், அதாவது எழுதிக் காட்டுவேன். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "யாரு வந்திருக்கா ஆர்வில்? குரல் நல்லா இருக்கே" என்றாள். பலகையில் எழுதிக் காட்டினேன். இந்தத் தடவையும் அதே இரண்டு வார்த்தைதான்.

ஊர்ப் பெயர்களுக்கு நடுவில் நீ மூச்சு எடுக்கும் இடம் எனக்குத் தெரிகிறது. அது நான் மூச்சு எடுத்த இடம்.

நீ வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வேண்டும். சிகாகோவில் மாறி வருகிறேன், மாறும் இடத்தில் காட்டுவதற்கு ஓர் அட்டையில் எல்லாம் எழுதி வைத்துக்கொண்டேன். நீ மைக்கில் இருக்கும்போது வந்து சேர வேண்டும் என்று நேரம் பார்த்து டிக்கெட் எடுத்திருக்கிறேன். என் பஸ்ஸை நீ அறிவிக்க வேண்டும், நான் உள்ளே உட்கார்ந்து கேட்க வேண்டும்.

மார்ச் பதின்மூன்று. நாள்காட்டியைப் பார்த்துவிட்டு, தேதியைத் தவறாக எழுதிவிட்டேனோ என்று நீ நினைப்பாய். தவறு இல்லை. நாற்காலிகளைக் கஸ் போட்டுக்கொள்வான், லாயிடிடம் சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை வருகிறேன்.

அப்பா